பத்துக்குப் பத்து படுக்கையறையில் பூடுவார் படம்: கிராப் கேமராவும் 50 எம்எம் லென்ஸும் போதுமா?

வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் பூடுவார், அதாவது படுக்கையறையில் உள்ளாடை, இரவு உடையில் எடுக்கும் அந்தரங்கப் படங்கள், எடுக்க இந்தச் செட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா போதும். இடிப்பது லென்ஸ், அதுவும் அறையின் நீளத்தால். கிராப் சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) 50 எம்எம் வைத்து ஒருவரை முழு உயரத்துக்கு எடுக்க 12, 13 அடி பின்னால் போகவேண்டும். பத்தடி அறையில் கட்டிலும் பீரோவும் போக நிற்க இடம் ஏது? 50ஐ இடுப்புக்கு மேலே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழு உருவத்துக்குக் கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 30, 35இல் நிறுத்தி, வாசற்படியில் நின்று எடுக்கலாம். 18க்குப் போய்க் கிட்டத்தில் நின்றால் முன்னால் இருக்கும் முழங்கால் பூசணிக்காய் ஆகிவிடும். ஃபுல் ஃபிரேம் இல்லாமல் இந்தப் பக்கமே வராதே என்பவர்கள் கீழே கமெண்டில் வருவார்கள், வரட்டும்.

வேலையில் முக்கால்வாசி ஜன்னல்தான். வடக்கு ஜன்னல் தேடு என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வது நம் ஊரில் வருஷம் முழுக்கச் செல்லாது. மே, ஜூன், ஜூலையில் சென்னையில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் விழும். விழுந்தால் கம்பி நிழல் உடம்பில் கோடு போடும். வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டிவிட்டால் நிழலும் கரையும், எதிர்வீட்டுப் பார்வையும் மறையும். ஆளை ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒளியைத் திருப்பித்தர ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை. அதன் பின்புறம் கருப்பு சார்ட் ஒட்டிவைத்தால், நிழல் ஆழமாக வேண்டும்போது திருப்பிக்கொள்ளலாம்.

அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணையுங்கள். மஞ்சள் எல்இடியும் ஜன்னல் ஒளியும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. எடிட்டில் சரிசெய்வது தலைவலி. பச்சை, ரோஸ் சுவர்களும் தோலில் நிறம் ஏற்றும். அந்தப் பக்கம் வெள்ளைப் பெட்ஷீட் தொங்கவிடலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5200 கெல்வினில் நிறுத்தி, RAW ஃபைலாக எடுங்கள். 50 லென்ஸில் அப்பர்ச்சர் எஃப் 2.8, ஷட்டர் 1/160க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ 1600 வரை தயங்காமல். எஃப் 1.8 வேண்டாம்; இரண்டு மீட்டரில் ஃபோகஸ் ஆழம் சுமார் 11 செ.மீ.தான், அவர் லேசாக அசைந்தாலே கண்ணில் ஃபோகஸ் போய்விடும். வெள்ளை மெத்தைவிரிப்பைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து தோலை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தளர்வான நைட்டியில் இருக்கச் சொல்லுங்கள். எலாஸ்டிக் தடம் சீக்கிரம் மறையாது, அதை எடிட்டில் அழிப்பது பெரிய வேலை. பீரோக் கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்று ஒவ்வொரு கோணத்திலும் பாருங்கள். போஸைத் தொட்டுத் திருத்தவே கூடாது. நீங்களே செய்து காட்டுங்கள், சிரிக்கட்டும், இறுக்கம் போகும். கூட அவருடைய தோழியோ அக்காவோ இருக்கட்டும்.

18 வயது நிரம்பியதை அடையாள அட்டையில் பார்த்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எடுக்கச் சம்மதம் வேறு, மூன்றாம் ஆளுக்குக் காட்டச் சம்மதம் வேறு: முதலாவது மட்டும் இருந்து படம் வெளியே போனால் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் (பழைய ஐபிசி 354சி) அது குற்றம். அதனால் உங்கள் வேலையைப் பிறருக்குக் காட்டும் போர்ட்ஃபோலியோவுக்குத் தனிக் கையெழுத்து. போனில் ஆட்டோ பேக்கப்பை அணையுங்கள், படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

எடிட்டிங்கையும் வெளியே கொடுக்காதீர்கள். ரகசியம் ஒரு காரணம். இன்னொன்று, கல்யாண ஆல்பம் டிசைனர்களின் கை. மாநிறப் பெண்ணை ரோஸ் நிறமாக வெளுத்து, மூக்கோரத்து நிழலைக்கூடத் துடைத்து, அம்மாவே அடையாளம் காணாதபடி செய்து அதற்குத் தனியாக பில் போடுகிறார்கள். கேட்டால் 'பார்ட்டி அதைத்தான் விரும்புறாங்க சார்' என்பார்கள். யாரும் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். பரு, கொசுக்கடியை எடுங்கள். மச்சம், பிரசவக் கோடுகள் இருப்பதா போவதா என்பதை அவர் சொல்லட்டும்.

மழை மூட்டமான நாளுக்கு ஒரு சாதா ஸ்பீட்லைட் (கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷ்) கையில் இருக்கட்டும். ஆளை நோக்கி நேராக அடிக்காமல், ஜன்னல் பக்கத்து வெள்ளைச் சுவரில் 1/8 பவரில் அடித்துத் திருப்புங்கள். சுவர் வெள்ளை இல்லையென்றால் அந்தத் தெர்மோகோலே போதும்.