வன்தட்டு இணைப்பு, ரெய்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் கணக்குத் தணிக்கை அலுவலகம் எங்களுடையது. கணக்கு மென்பொருளின் தரவு முழுவதும் ஒரே கணினியில் இருக்கிறது; மாதக் கடைசியில் அது மிகவும் மெதுவாகிவிடுகிறது. சாட்டா இணைப்புதான் காரணம், எஸ்ஏஎஸ் வன்தட்டு வைத்த சர்வர் வாங்குங்கள் என்கிறார் விற்பனையாளர். அது சரியா?

பதில்: சாட்டா, எஸ்ஏஎஸ் இரண்டும் வன்தட்டைக் கணினியோடு இணைக்கும் முறைகள். உங்கள் இடர்ப்பாட்டுக்கும் சாட்டா இணைப்புக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை. இன்றைய சாட்டா நொடிக்கு 6 கிகாபிட் கொண்டுசெல்லும். அதில் ஒவ்வொரு 10 பிட்டுக்கும் 8 பிட் மட்டுமே தரவு என்பதால், கையில் கிடைப்பது நொடிக்கு 600 மெகாபைட். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் நல்ல வன்தட்டு, ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போதுகூட 250 மெகாபைட்டை ஒட்டித்தான் தரும். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப்போக அதுவும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே இணைப்பில் எப்போதும் இடம் மிச்சமிருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் நேரத்தைத் தின்பது வேறு. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகளைக் கேட்கும்போது, ஒவ்வொரு முறையும் படிமுனை நகர்வதற்கு 8 மில்லி நொடியும், வேண்டிய பகுதி சுழன்று முனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக 4 மில்லி நொடியும் ஆகின்றன. அப்படியானால் நொடிக்குச் சுமார் 80 வேண்டுகோள்கள்தான் நிறைவேறும். 10,000 அல்லது 15,000 சுற்று எஸ்ஏஎஸ் வன்தட்டு இதை இரண்டு மடங்கு ஆக்கலாம். சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியோ பல்லாயிரம் என்ற அளவுக்குக் கொண்டுபோகும்.

எஸ்ஏஎஸ் வீண் என்று சொல்லவில்லை. ஒரு தட்டுக்கு இரண்டு பாதைகள் இருப்பதால் தட்டுகளை இயக்கும் கன்ட்ரோலர் ஒன்று போனாலும் மற்றொன்றின் வழியே தட்டை அடையலாம். சாட்டா கேபிள் ஒரு மீட்டரோடு நின்றுவிட, எஸ்ஏஎஸ் கேபிள் பத்து மீட்டர் வரை போகும். எக்ஸ்பாண்டர் என்ற, இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் கருவி வைத்து ஒரே கார்டில் பல பத்துத் தட்டுகளை இணைக்கலாம். இவை தரவு மையங்களுக்கு வேண்டியவை. எட்டுப் பேர் அலுவலகத்துக்கு இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டு 1 முறையில் (பல தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்குவதே ரெய்டு) ஒன்றுக்கொன்று நகலாக வைத்து, ஒரு யுபிஎஸ்ஸும் போட்டால் போதும். பின்னாளில் எஸ்ஏஎஸ் கார்டு வாங்கினாலும் இந்த சாட்டா எஸ்எஸ்டிகளை அதில் பொருத்தலாம். எஸ்ஏஎஸ் தட்டைச் சாட்டா போர்டில் பொருத்தத்தான் முடியாது. இணைப்பியின் வடிவமே தடுத்துவிடும்.

கேள்வி: என் மடிக்கணினிக்கு எம்.2 எஸ்எஸ்டி வாங்கினேன். சரியாகப் பொருந்துகிறது, ஆனால் கணினிக்கு அது தெரியவே இல்லை. பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. எம்.2 என்பது அட்டையின் வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா இணைப்பும் வரும், என்விஎம்இ என்ற வேறொரு இணைப்பும் வரும். சில மடிக்கணினிகளின் இடம் இவற்றில் ஒன்றை மட்டுமே ஏற்கும். முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் சாட்டாவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், ஆனால் இரண்டு வெட்டுள்ள என்விஎம்இ அட்டைகளும் உண்டு என்பதால் அட்டையின் லேபிளையும் கணினியின் கையேட்டையும் ஒப்பிடுவதே உறுதியான வழி. மேசைக் கணினி வைத்திருப்போருக்கு ஒன்று: பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் ஓரிரு சாட்டா போர்ட்கள் தாமாகவே அணைந்துவிடும். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய வன்தட்டு காணாமல் போனால், முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: திருமண ஒளிப்படம் எடுக்கிறேன். நான்கு 8 டெராபைட் வன்தட்டுகள் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வாங்குகிறேன். ரெய்டு 5, 6, 10 ஆகியவற்றில் எதைத் தேர்வது?

பதில்: ரெய்டு 5 ஒரு தட்டளவு இடத்தையும், ரெய்டு 6 இரண்டு தட்டளவு இடத்தையும், போன தட்டைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவலுக்கு ஒதுக்கும்; ரெய்டு 10 தட்டுகளை இணை இணையாக நகலாக வைக்கும். கொள்ளளவு மட்டும் பார்த்தால் ரெய்டு 5 கவர்ச்சியானது: 24 டெராபைட் கிடைக்கும். மற்ற இரண்டிலும் 16 தான். ஆனால் ரெய்டைத் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியது, ஒரு தட்டு போன பிறகு என்ன நடக்கிறது என்பதை.

ரெய்டு 5 அமைப்பில் ஒரு தட்டு போய், புதியதை மாட்டியதும், மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துத்தான் பழைய தட்டின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எழுத முடியும். நொடிக்கு 200 மெகாபைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 8 டெராபைட்டுக்கு 40,000 நொடி, அதாவது 11 மணி நேரம் ஆகும். இடையில் நீங்கள் வேலையும் செய்தால் இரண்டு மூன்று மடங்காகும். அவ்வளவு நேரமும் இன்னொரு தட்டு போகக் கூடாது. நான்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தொகுப்பிலிருந்து வாங்கியவையாக இருந்தால் அவை ஒரே வயதுடையவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண வன்தட்டுகளின் விவரக் குறிப்பில், நூறு லட்சம் கோடி பிட் படித்தால் அதிகபட்சம் ஓர் இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள், அது 12.5 டெராபைட்டுக்குச் சமம். நீங்களோ மறுகட்டமைப்பின்போது 24 டெராபைட் படிக்கப் போகிறீர்கள். நடைமுறையில் தட்டுகள் இந்தக் குறிப்பைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, ஆகவே ரெய்டு 5 கட்டாயம் தோற்கும் என்று பயமுறுத்துவது மிகை. ஆனாலும் படிக்க முடியாத ஓரிடம் வந்துவிட்டால், அதைச் சரிக்கட்ட ரெய்டு 5 அமைப்பில் வேறு எதுவும் மிச்சமில்லை. சில கன்ட்ரோலர்கள் அந்த ஓர் இடத்துக்காக மறுகட்டமைப்பையே நிறுத்திவிடும்.

ரெய்டு 6 எந்த இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும். ரெய்டு 10 அமைப்பில் ஒன்று போன பிறகு மீதி மூன்றில் அதன் இணை போனால் எல்லாம் போயிற்று. மற்ற இரண்டில் ஒன்று போனால் பிழைக்கும். ஆனால் சிறு சிறு மாற்றங்களை எழுதுவதில் ரெய்டு 10 வேகமானது: ஒரு சிறு மாற்றத்தை எழுத அதற்கு 2 வட்டுச் செயல்கள் போதும், ரெய்டு 5 அமைப்புக்கு 4, ரெய்டு 6 அமைப்புக்கு 6. தரவுத்தளம் ஓடும் சர்வர் என்றால் யோசிக்காமல் ரெய்டு 10 என்பேன். நீங்கள் பெரிய கோப்புகளை ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கிறவர். உங்களுக்கு ரெய்டு 6.

கேள்வி: அந்த நாஸ் பெட்டியில் விலை குறைந்த மேசைக் கணினி வன்தட்டுகளைப் போடலாமா?

பதில்: வேண்டாம், காரணங்கள் இரண்டு. முதலாவது, படிக்க முடியாத இடம் வந்தால் மேசைக் கணினித் தட்டு விடாமல் மீண்டும் மீண்டும் முயலும். அது ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடும். தனித்தட்டுக்கு அது நல்ல குணம். ரெய்டிலோ, லினக்ஸ் தன் வழக்கப்படி 30 நொடி காத்திருந்துவிட்டுத் தட்டு பதிலளிக்கவில்லை என்று முடிவு செய்யும். ஓர் இடம் கெட்டதற்காக முழுத் தட்டும் அணியிலிருந்து நீக்கப்படலாம். நாஸுக்கென்று விற்கப்படும் தட்டுகள் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும்; அந்த இடத்தை மற்றத் தட்டுகளிலிருந்து ரெய்டு கணக்கிட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, எஸ்எம்ஆர் எனப்படும் பதிவு முறை. தடங்களை ஓட்டு வரிசை போல ஒன்றன் விளிம்பில் ஒன்றை ஏற்றி எழுதுவதால் கொள்ளளவு கூடும். ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற, அதற்கடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். மறுகட்டமைப்பின்போது இவை தவழும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் நாஸ் தட்டுகளான ரெட் வரிசையிலேயே சில அளவுகள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. அதன் பிறகுதான் மாதிரிவாரியாகப் பதிவு முறையை வெளியிட்டார்கள். வாங்கும் முன் மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடி, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான முறை) என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ரெய்டு கார்டு, மதர்போர்டு ரெய்டு, மென்பொருள் ரெய்டு: எது மேல்?

பதில்: மதர்போர்டு ரெய்டைத் தவிருங்கள். கணக்குப் போடுவது அங்கேயும் பிராசசர்தான். கார்டின் நன்மையும் இல்லை, மென்பொருளின் எளிமையும் இல்லை. உண்மையான ரெய்டு கார்டின் மதிப்பு எழுத வேண்டிய தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும், பேட்டரி காக்கும் அதன் கேஷ் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி தளர்ந்தால் பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சர்வர் ஏன் திடீரென்று மந்தமானது என்று எல்லோரும் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். கார்டே போனால் அதே வகைக் கார்டு கிடைக்கும்வரை தரவை அணுக முடியாது.

லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டியில் அமைப்பு விவரம் தட்டுகளிலேயே எழுதப்பட்டிருப்பதால், தட்டுகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழுந்து நிற்கும். சன் நிறுவனம் உருவாக்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இன்னும் ஒரு படி மேல்: ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், தட்டு தவறான தரவைச் சரியானது போலக் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்கும் தட்டுகளுக்கும் இடையில் ரெய்டு கார்டை வைக்காதீர்கள். தட்டுகளை இணைக்க மட்டும் செய்யும் சாதாரண எச்பிஏ கார்டு போதும்.

கேள்வி: ரெய்டு இருந்தால் பேக்கப் தேவையா?

பதில்: தேவை. ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு எல்லாத் தட்டுகளிலும் அதே நொடியில் உண்மையாக அழிக்கும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே. தட்டு போனாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு.

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் ரெய்டு 1 குறைபட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் எதையும் கழற்றாமல், முக்கியமான தரவைப் பேக்கப் எடுங்கள். பிறகு ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் (/proc/mdstat) பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இரண்டு 'யு' (U) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யு'வும் ஓர் அடிக்கோடும் இருக்கும். போன தட்டின் வரிசை எண்ணை மென்பொருளில் எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு, பெட்டியைத் திறந்ததும் தட்டின் மேலுள்ள லேபிளோடு ஒப்பிடுங்கள். இடப்பக்கம் இருப்பதுதான் முதல் தட்டு என்று ஊகித்து நல்ல தட்டைக் கழற்றியவர்கள் பலர்.

புதியதை வாங்கும் முன், தட்டு தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 199 ஆகிய வரிகளைப் பாருங்கள். முதல் இரண்டும் ஏறியிருந்தால் தட்டின் பரப்பே கெடுகிறது, மாற்றிவிடுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் தவறு பெரும்பாலும் கேபிளில் இருக்கிறது. புதுக் கேபிள் போட்டு, அதே தட்டை மீண்டும் சேர்த்து, அந்த எண் மேலும் ஏறுகிறதா என்று சில நாள் கவனியுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மறுகட்டமைப்பு முடிந்து ஒரு முழுச் சரிபார்ப்பும் ஓடும்வரை பழைய தட்டை எறிந்துவிடாதீர்கள். மற்றத் தட்டில் ஓரிடம் படிக்க முடியாமல் போனால், அந்த இடம் பழையதில் இன்னும் படிக்கக் கிடைக்கலாம்.