கைமுடியை எடுக்கும் சவரக்கத்தி தாடையில் ஏன் இழுக்கிறது?

பழைய சவரக்கத்தி ஒன்றை வீட்டிலேயே தீட்டிப் பழகுவதாகவும், அது கடதாசியை வெட்டி, கைமுடியையும் எடுத்துவிடுகிறது, ஆனால் தாடையில் வைத்தால் இழுக்கிறது என்றும், இதற்கு 12000 தரக் கல் ஒன்று (தர எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். நான் அதே நிலையில் அப்படியொரு கல்லை வாங்கி, கத்தியைப் பளபளப்பாக்கிக்கொண்டேனே தவிர, சவரத்தில் எந்த மாற்றத்தையும் காணவில்லை. உங்கள் குறை கடைசிக் கல்லில் அல்ல, பெரும்பாலும் முதற் கல்லில்தான் இருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். கத்தி தீட்டுவதென்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்திதான். கல்லைக் கையில் பிடித்து, கத்தியின் வாயோரமாக, அதாவது வெட்டும் விளிம்போரமாக, அமர்த்தி இழுத்து, விரலில் பிசிர் தட்டுப்பட்டதும் மறுபக்கம் இழுத்தால் வேலை முடிந்துவிடும். தேயிலைக் கிளையை ஒரே வெட்டில் அறுக்க அந்தக் கூர் தாராளமாகப் போதும். நகரத்தில் நெடுங்காலம் சலூன் நடத்திய என் மாமனார், மாற்றும் பிளேட் வைத்த கத்திகள் வந்த பிறகு பெட்டியில் போட்டுவைத்திருந்த ஜெர்மன் கத்தியை எனக்குக் கொடுத்தபோது, அதே பழக்கத்தோடுதான் கல்லருகே உட்கார்ந்தேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “கவ்வாத்துக் கத்தியாங்க தீட்டுறீங்க? அமத்தாதீங்க மருமகன், கத்தியோட பாரமே போதும்” என்றார். அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்க ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.

சவரக்கத்தியில் கோணத்தை நாம் கையால் பிடிப்பதில்லை. கத்தியின் முதுகே அதைப் பிடித்துக்கொடுக்கிறது. என் கத்தியின் முதுகு சுமார் 4.5 மில்லிமீற்றர் தடிப்பு, முதுகிலிருந்து வாய்வரை அகலம் 16 மில்லிமீற்றர். முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிந்திருக்கும்படி தீட்டினால் வாயின் கோணம் ஏறத்தாழ 16 பாகை வரும். முதுகை ஒரேயொரு மில்லிமீற்றர் தூக்கிவிட்டால் இரு பக்கமும் சேர்ந்து அது 23 பாகையைத் தொடும். ஆகவே முதுகு ஒருபோதும் கல்லைவிட்டு எழக்கூடாது. முதுகு தேய்ந்துவிடும் என்று அஞ்சினால் மின்சார வேலைக்குப் பயன்படும் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளலாம். கோணம் ஒரு பாகையளவுதான் கூடும், ஆனால் அந்தக் கத்திக்கு எப்போதும் டேப்போடுதான் தீட்டவேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

அதைவிட முக்கியமானது கல் தட்டையாக இருப்பது. சமையற்கத்தி தீட்டிய கல்லாயின் நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியில் சவரக்கத்தியின் இரு முனைகள் தேய, நடு வாய் தீட்டுப்படாமலே போகும். பென்சிலால் கல்லின் மேல் கட்டங்கள் வரைந்து, ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 தர, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கறுப்பு சாண்ட் பேப்பரை விரித்து, பென்சில் கோடுகள் எல்லாம் ஒரேயளவில் மறையும்வரை கல்லைத் தேய்த்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

பிறகு 1000 தரக் கல். இங்கேதான் வாயின் இரண்டு பக்கச் சரிவுகளும் ஒரே கோட்டில் வந்து சந்திக்கவேண்டும். இடைவெளி ஒரு நூலிழை இருந்தாலும் அதற்கு மேலுள்ள கற்கள் அந்த இடைவெளியைத்தான் மெருகேற்றும். கறுப்பு மார்க்கரால் சரிவில் மை பூசி, இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பார்த்தால் கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது இப்படி: மை முழுவதும் போயிருந்தது, பிடியை ஒட்டிய அடிப்பக்கத்தில் மட்டும், வாயை ஒட்டி, கண்ணிமை முடியளவு ஒரு கறுப்புக் கோடு மிஞ்சி நின்றது. எத்தனையோ வாரம் என் தாடையில் இழுத்துக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான். இழுக்கும்போது வாய் முன்னே செல்லவேண்டும். கத்தி கல்லின் அகலத்தைவிட நீளமாயின் அடியிலிருந்து நுனிவரை சாய்வாக இழுத்தால் வாய் முழுவதும் கல்லில் படும்.

சோதனைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடதாசியைச் சமையற்கத்தியும் வெட்டும், அதை விட்டுவிடுங்கள். கைமுடியைப் பொறுத்தவரை, 1000 கல்லிலிருந்து வந்த முரட்டு வாயும் அதைச் சிரைத்துவிடும், பிசிர் மட்டும் நின்றுகொண்டிருக்கும் வாயும் சிரைத்துவிடும். நான் ஏமாந்தது இந்த இரண்டாவது வகையில். பிசிர் என்பது வாயின் விளிம்பில் தொங்கும் மெல்லிய இரும்புத் தாள். தோலை முதன்முறை தொடும்போது ஆசைகாட்டும், நாலாவது இழுப்பில் மடிந்துவிடும். ஆகவே 1000 கல்லில் நான் நம்பும் சோதனை ஒளிதான். வாயை மேல்நோக்கிப் பிடித்து, மேசை விளக்கின் கீழ் மெல்ல ஆட்டிப் பாருங்கள்: எங்கேனும் ஒரு வெள்ளைக் கீற்று மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது, ஏனெனில் உண்மையான கூருக்கு ஒளியைத் திருப்பியனுப்ப அகலமே கிடையாது. பழைய சேதம் நிறைய இருந்தால், ஒரு கண்ணாடிக் குவளையின் வழவழப்பான பக்கத்தில் வாயை நேராக வைத்து, பாரமே இல்லாமல் ஒருமுறை இழுத்துவிட்டு மீண்டும் 1000 கல்லில் தொடங்கலாம். வேண்டுமென்றே மழுக்குவது மனத்துக்கு ஒப்பாதுதான். ஆனால் பொய்ப் பிசிர் அத்தோடு போய்விடும், வெள்ளைக் கீற்று மறையும் கணம் வேலை முடிந்த கணம் என்று கண்ணே சொல்லும்.

பெருவிரல் நகத்தை நனைத்து அதன்மேல் வாயை மெல்ல இழுப்பதும் ஒரு சோதனை: பள்ளமிருந்தால் தடுக்கும், மழுங்கிய இடம் வழுக்கிச் செல்லும், கூர் சிறிது கடித்தபடி சீராக நகரும். இது வாயைச் சற்றே கெடுக்குமாதலால் 1000 கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒற்றைத் தலைமுடியைத் தொங்கவிட்டு வாயில் வைத்தால் தானாக அறுந்து விழவேண்டும் என்பது பலரும் விரும்பும் சோதனை. ஆனால் தலைமுடியின் செதில்கள் வேரிலிருந்து நுனிநோக்கிச் சாய்ந்திருப்பதால் வேர்ப்பக்கம் பிடித்தால் ஒருவிதமாகவும் நுனிப்பக்கம் பிடித்தால் வேறுவிதமாகவும் பதில் வரும். என் முடி ஒன்று சொன்னால் என் மனைவியின் முடி வேறொன்று சொல்கிறது. ஒரே ஆளின் முடியை, ஒரே பக்கம் பிடித்துச் சோதித்தால் நேற்றைய கூரோடு இன்றைய கூரை ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

1000 சரியாக அமைந்துவிட்டால் மேலேயுள்ள கற்கள் அதிக நேரம் எடுப்பதில்லை. 3000, பிறகு 8000. முன்னைய கல்லின் கீறல்கள் மறையும்வரை, ஒவ்வொரு படியிலும் கையின் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அதன்பின் தோல்வாரில் முதுகு முன்செல்ல ஐம்பது இழுப்பு, வாரை விறைப்பாகப் பிடித்து. திருப்பும்போது கத்தியை முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின்மேல் திருப்பினால் வாரும் வெட்டுப்படும், வாயும் உருண்டுவிடும்.

கத்தியைக் குறைசொல்லுமுன் தாடியையும் கவனிக்கவேண்டும். மலைநாட்டு விடியற்காலைக் குளிரில், காய்ந்த தாடியில், எந்தக் கத்தியும் இழுக்கத்தான் செய்யும். சூடான ஈரத்துணியை மூன்று நிமிடமாவது முகத்தில் வைத்து, உரோமம் தண்ணீர் குடித்து இளகிய பிறகு, தோலை இழுத்துப்பிடித்து, கத்தியை முகத்தோடு சுமார் 30 பாகைச் சாய்வில் வைத்துச் சிரைத்துப் பாருங்கள். அப்போதும் இழுத்தால், முகத்தில் எங்கே இழுக்கிறது, கத்திவாயின் எந்தப் பகுதி அங்கே பட்டது என்று குறித்துக்கொண்டு மார்க்கரோடு 1000 கல்லுக்குத் திரும்புங்கள்.

சாணைச் சக்கரம் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உட்குழிவாகத் தேய்க்கப்பட்ட மெல்லிய அலகு சக்கரத்தில் கணத்தில் சூடேறும். நீல நிறம் பாய்ந்துவிட்டால் எஃகு சுமார் 300 பாகை செல்சியஸ் வரை போயிருக்கிறது, அதன் கடினம் அந்த இடத்தில் போய்விட்டது, எந்தக் கல்லாலும் அதை மீட்க முடியாது. சலூனில் பலர் முகம் பட்ட பழைய கத்தி என்றால் முதலில் நன்றாகக் கழுவி ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளவும்.

கடைசியாக ஒரு விடயம், எங்கள் பக்கத்துக்கே உரியது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா வீடுகளில் சுவரே வியர்க்கும். கரிம எஃகுக் கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத துரு ஒரே இரவில் ஏறி, நேற்று நன்றாகச் சிரைத்த கத்தி இன்று இழுக்கும். தீட்டியது சரியில்லை என்று நான் வீணாகக் கல்லெடுத்த நாட்கள் உண்டு. இப்போது சவரம் முடிந்ததும் துடைத்து, வாரில் ஐந்தாறு இழுப்பு இழுத்து ஈரம் போக்கி, தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி தடவி வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கிறது. வாரைக் குளியலறையில் தொங்கவிடாமல் அடுப்படிப் பக்கம், புகை படாத ஆணியொன்றில் மாட்டுகிறேன். அதற்கு முந்திய வாரில் பச்சைப் பூஞ்சணம் பிடித்துத் தூக்கியெறிய வேண்டியதாயிற்று.