மான் கறி ஏன் ரப்பர் போல் ஆகிறது?

டெக்சஸில் நண்பர் வேட்டையாடிக் கொடுத்த வெண்வால் மானின் முதுகுக்கறியை ஆட்டுக்கறி போலக் குக்கரில் வைத்ததாகவும், அது வறண்டு ரப்பராகிவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கறியின் மீது குற்றமில்லை. காட்டில் ஓடித் திரிந்த விலங்கின் தசையில் கொழுப்பு மிகக் குறைவு. நீர் வற்றினால் ஈடுகட்ட எதுவும் இல்லை.

முதுகுத் தசைதான் மானிலேயே மிக மென்மையான பகுதிகளில் ஒன்று. மேலே வெள்ளியாய் மின்னும் சவ்வைக் கத்தி நுனியால் உரித்துவிடுங்கள். இரண்டு விரல் கனத்தில் துண்டாக்கி, உப்பும் மிளகும் தடவி, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் நெய்விட்டுப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வாட்டுங்கள். நடுவில் இளஞ்சிவப்பு மாறுவதற்குள் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து நறுக்குங்கள். சாறு கசியும் அந்த முதல் துண்டின் ருசிக்கு ஈடே கிடையாது!

தொடைக்கும் தோளுக்கும் இந்த முறை உதவாது. சின்ன வெங்காயம், மல்லி, தாராளமாக நல்லெண்ணெய் சேர்த்து, மூடிபோட்டு, சிறு தீயில் மூன்று மணி நேரம் விடுங்கள். மானின் சொந்தக் கொழுப்பை நீக்கிவிடுங்கள். ஆறினால் மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும்.

குண்டு பட்ட இடத்தைச் சுற்றிலும் அகலமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துகள் சிதறியிருக்கலாம். இன்னொன்று: டெக்சஸ் மான்களில் மூளையை அழிக்கும் நோய் 2012இல் கண்டறியப்பட்டது. சமையல் சூட்டில் அதன் காரணி அழியாது. உங்கள் மானுக்கு அந்த நோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தபிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.