இடாப்புத் தாள்களில் ஒரு செபம்

அன்புள்ள அண்ணா,

எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சரின் 31ஆம் நாள் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். கல்யாணம் கட்டாதவர். விடிய நான்கு மணிக்கு எழும்பிச் செபிப்பார், இடம்பெயர்ந்திருந்த நாட்களிலும் விடவில்லை. எல்லாரும் அவரைப் புனிதை என்கிறார்கள். ஆனால் கோபம் கடைசிவரை போகவில்லை. என்னை ஒருநாள் வகுப்பில் ஏசி அழவைத்தார். அடுத்த நாள் முதல் வேலையாகக் கூப்பிட்டு அதே கணக்கைப் பொறுமையாகச் சொல்லித் தந்தார், அது வேறு. ஐம்பது வருசம் அதே செபமாலை, அதே வார்த்தைகள். இதில் ஆன்மிக வளர்ச்சி என்று எதைச் சொல்வது? அவருடைய செபப் புத்தகத்துக்குள் வகுப்பில் வரவு எடுக்கிற பழைய இடாப்புத் தாள்கள் கிடந்தன. படிப்பித்த பிள்ளைகளின் பெயர்கள், சிலருக்குப் பக்கத்தில் சிலுவை, சிலருக்குக் கேள்விக்குறி. என் பெயரும் இருந்தது.

ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடாப்புத் தாள், உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. சிலுவை போட்டது செத்துப்போன பிள்ளைகளுக்கு என்றால், கேள்விக்குறி காணாமல்போன பிள்ளைகளுக்கு என்று நம் ஊரில் யாரும் விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் வரவு எடுப்பதை நிறுத்தி எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை, செபத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தத் தாள்களை எறியவிடாதீர்கள், கேட்டு வாங்கி வையுங்கள். கேள்விக்குறி போட்ட பெயர்களில் உங்கள் வகுப்புக்காரர் இருந்தால் அந்த வீட்டுக்குப் போய் ரீச்சர் இப்படிச் செய்துவந்தார் என்று சொல்லுங்கள், ஒரு தாய்க்கு அது பெரிய விசயம்.

இப்படி மற்றவர்களுக்காகச் செபிப்பது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. நம் யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆசிரமம் என்றால் நெல்லிரசமும் திராட்சைரசமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் 1928இல் தோமஸ் அடிகள் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கியது செபத்துக்காக. அவரும் பத்திரிசியார் கல்லூரியில் படிப்பித்தவர்தான். முறைவைத்து இரவும் பகலும் செபிப்பது, மற்ற நேரம் தோட்டத்தில் பாடுபடுவது, இதுதான் அந்தத் துறவிகளின் வாழ்க்கை. தனக்கென்று மட்டும் கேட்கிற செபமாக இருந்தால் அதை இவ்வளவு காலம் இழுக்கமுடியாது என்பது என் எண்ணம், கேட்டது கிடைத்தாலும் சலித்துப்போகும், கிடைக்காவிட்டாலும் சலித்துப்போகும்.

அதே வார்த்தைகள் என்கிறீர்கள். சரி, 53 தடவை அருள்நிறை மரியே சொல்வதுதான் செபமாலை, ஆனால் இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளான மறையுண்மைகளில் செவ்வாயும் வெள்ளியும் துயர மறையுண்மைகள், திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மைகள் என்று தியானிப்பது மாறிக்கொண்டே போகும். வாய்க்குப் பழகிய வார்த்தை இருப்பதால் மனம் அந்தக் காட்சியில் நிற்கலாம், ஒரு பிள்ளையின் முகத்திலும் நிற்கலாம். எல்லா நாளும் நின்றிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அவிலாவின் புனித தெரேசாவே, செபநேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த காலம் தனக்கு வருசக்கணக்கில் இருந்ததாக எழுதியிருக்கிறார். திருச்சபை 1970இல் மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பெரிய ஆசிரியர், என்று அறிவித்த ஒருவருக்கே அப்படி.

அப்புறம் கோபம். அது போகவில்லைதான். ஆனால் ஏசிய பிள்ளையின் பெயரை மறுநாள் விடிய நான்கு மணிக்குக் கடவுளுக்கு முன்னால் சொல்லியாகவேண்டிய ஒருவர் அந்தக் கோபத்தோடு வகுப்புக்குள் வரமுடியாது. உங்களைக் கூப்பிட்டுக் கணக்கு சொல்லித் தந்ததை 'அது வேறு' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் வளர்ச்சி என்பேன்.