கணுக்கால் உட்பக்க வீக்கம் 'அக்செசரி சோலியஸ்' என்று எம்.ஆர்.ஐ. சொல்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம் இது: வயது 24, பெங்களூர் அல்சூரில் வீடு, கப்பன் பார்க்கில் வாரம் மூன்று நாள் ஓட்டம். ஒரு வருடமாக வலது கணுக்காலின் உட்பக்கம், குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புடைப்பு. நாலு கிலோமீட்டர் தாண்டினால் அங்கே இறுக்கிப் பிடிக்கிறது. நின்றுவிட்டால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'அக்செசரி சோலியஸ்' என்று போட்டிருக்கிறார்கள். அம்மா அதைக் கட்டி என்றே நினைத்து, உடனே எடுத்துவிடச் சொல்கிறார்.

அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியது: அது தசை. புற்றுநோயும் இல்லை, புற்றுநோயாக மாறப்போவதும் இல்லை.

கெண்டைக்காலில் வெளியே தெரியும் உருண்ட சதை காஸ்ட்ராக்னீமியஸ். அதற்கு அடியில் தட்டையாக, அகலமாகப் படுத்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே சேர்ந்து அக்கிலிஸ் தசைநாணாகி, குதிகால் எலும்பில் ஒட்டுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு சோலியஸின் சதை கணுக்காலுக்குச் சில விரற்கடை மேலேயே முடிந்துவிடும். கீழே வெறும் நாண்தான். கருவில் சோலியஸ் உருவாகும் திசுவின் ஒரு பகுதி பிரிந்து தனியாக வளர்ந்தால், அது அக்கிலிஸுக்கு முன்னால் உட்பக்கமாக இறங்கி, குதிகால் வரைக்கும் சதையாகவே வந்துவிடும். அதுதான் அக்செசரி சோலியஸ். 1843-லேயே க்ருவெய்லியே என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். ஆய்வுகளில் 0.7 முதல் 5.5 சதவீதம் பேருக்கு இது காணப்படுகிறது. பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் கூட்டத்தில் இது உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பலருக்கு அது தெரியவே தெரியாது.

பிறவியிலேயே இருப்பது இந்த வயதில் ஏன் தெரிகிறது? மற்ற தசைகளைப் போலவே பயிற்சியில் இதுவும் பருக்கிறது. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் ஓட்டம், விளையாட்டு என்று இறங்கும்போதுதான் தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரியும். வலி வருவதற்குக் காரணம் அதன் உறை. இந்தத் தசைக்குப் பெரும்பாலும் தனியான, இறுக்கமான ஒரு திசு உறை இருக்கிறது. ஓடும்போது இரத்தம் பாய்ந்து, உழைக்கும் தசையின் பருமன் 20 சதவீதம் வரை கூடும். உறை விரிந்து கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் குறைந்து, இறுக்கிப் பிடிக்கும். நின்றதும் அழுத்தம் இறங்கும். நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் கால் மணி நேரக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். வெறுங்காலில் நில்லுங்கள், அம்மா பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் ஒரே உயரத்தில் பார்க்கட்டும். அக்கிலிஸ் நாணுக்கும் உட்பக்கக் கணு எலும்புக்கும் நடுவில் இடது காலில் ஒரு பள்ளம் தெரியும். வலது காலில் அந்தப் பள்ளம் நிரம்பியிருக்கும். புடைப்பின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நுனிக்காலில் எழும்புங்கள்: கெட்டியாகும். பிறகு கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள்: மெத்தென்று தளரும். தளர்ந்த நிலையிலும் கல் மாதிரி இருந்தாலோ, 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, சில வாரங்களில் மளமளவென்று வளர்ந்தாலோ, ராத்திரி ஓய்விலும் வலித்தாலோ, இந்த ரிப்போர்ட்டை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். எலும்பு மற்றும் மென்திசுக் கட்டிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இந்தச் சதையின் நிறச்சாயல் எடுக்கும் எல்லா விதப் படங்களிலும் பக்கத்துத் தசையைப் போலவே இருக்க வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே ஒரு துப்பு கிடைக்கும்: அக்கிலிஸுக்கு முன்னால் கொழுப்பினால் கருப்பாகத் தெரியும் கேகர் முக்கோணம் சாம்பல் நிறமாக நிரம்பியிருக்கும். இனிமேல் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், புடைப்பின் உச்சியில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டவைக்கச் சொல்லுங்கள். படத்தில் அது பளிச்சென்று தெரியும். ரேடியாலஜிஸ்ட் இடத்தைத் தேட வேண்டியதில்லை. ஸ்கேனுக்கு முன்பே ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி செய்வதை நான் கடுமையாக எதிர்ப்பேன். உட்கணுவுக்குப் பின்னால், பாதத்துக்குப் போகும் டிபியல் நரம்பும் தமனியும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன.

ரிப்போர்ட்டில் தசையின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அது எங்கே போய் ஒட்டுகிறது என்றும் இருக்க வேண்டும். அக்கிலிஸ் நாணிலேயே ஒட்டலாம். குதிகால் எலும்பின் மேற்பரப்பிலோ உட்பக்கத்திலோ, சதையாகவோ நாணாகவோ ஒட்டலாம். இதைவிட முக்கியமாக ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்சர் டிஜிடோரம் அக்செசோரியஸ் லாங்கஸ் என்று இன்னொரு கூடுதல் தசை இதே பக்கம் வரும். அது, உட்கணுவுக்குப் பின்னால் அந்த நரம்பும் தமனியும் போகும் குறுகிய குகையான டார்சல் டனலுக்கு உள்ளே, நரம்போடு ஒட்டி இறங்கும். அக்செசரி சோலியஸ் அந்தக் குகைக்கு வெளியே இறங்கும். ஆகவே உள்ளங்காலில் எரிச்சல், மரமரப்பு, உட்கணுவுக்குக் கீழே தட்டினால் சுரீரென்று பாதத்துக்குள் ஓடுவது, இவை இருந்தால் அந்த இன்னொரு தசை இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். வெளிக்கணுப் பக்கம் வலித்தால் விஷயமே வேறு: அங்கே பெரோனியஸ் குவார்ட்டஸ் என்ற கூடுதல் தசை இடத்தை அடைத்து, வெளிக்கணுவை ஒட்டி ஓடும் பெரோனியஸ் பிரெவிஸ் நாணைத் தேய்த்துக் கிழிக்கலாம்.

வலி கணுக்காலில் இல்லாமல் கெண்டைக்காலில் வந்தால், முழங்கால் பின்குழியில் காஸ்ட்ராக்னீமியஸின் உட்பக்க மேல்நுனி இடம் மாறி, காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பாப்லிட்டியல் தமனியை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். 1879-ல் எடின்பரோவில் மாணவராக இருந்த ஆண்டர்சன் ஸ்டூவர்ட் முதலில் விவரித்தது இது. பாதத்தைக் கீழே அழுத்தும்போது பாதத்தின் நாடி மறைகிறதா என்ற சோதனையை மட்டும் நம்பக்கூடாது. நல்ல ஆரோக்கியமான பலருக்கும் அப்போது நாடி மறையும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து இரத்தநாள நிபுணரிடம் காட்டுவதுதான் வழி.

இனி உங்கள் காலுக்கு. ஓட்டத்தின் தூரத்தை ஆறு வாரத்துக்குப் பாதியாக்குங்கள். வலி தொடங்கும் தூரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே நின்றுவிடுங்கள். மேடேறுவதும் நுனிக்கால் ஓட்டமும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு ஷூவிலும் சுமார் 1 சென்டிமீட்டர் குதிகால் பட்டை வையுங்கள். ஒரு காலில் மட்டும் வைத்தால் இடுப்பு சாயும். புடைப்பை உரசும் உயரமான காலர் உள்ள ஷூவைத் தவிருங்கள். சுவரில் சாய்ந்து கெண்டையை இழுக்கும் பயிற்சியை வலிக்க வலிக்கச் செய்யாதீர்கள். இழுபட்ட தசை இன்னும் அழுத்தும்.

வலியே இல்லாதவருக்கு இதில் எதுவுமே தேவையில்லை. உங்களுக்கு மூன்று, நான்கு மாதத்திலும் குறையாமல், ஓட்டத்தையும் விட மனமில்லை என்றால்தான் அறுவை சிகிச்சை. உறையை மட்டும் கீறிவிடுவது சின்ன வேலை. தசையையே எடுத்துவிடுவது இன்னொரு வழி. அக்கிலிஸ் முழுதாக இருப்பதால் இந்தத் தசை போனாலும் பாதத்தின் பலம் குறைவதாகத் தெரியாது. பாதம், கணுக்கால் மட்டுமே பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் போய், நரம்பும் தமனியும் புடைப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று உங்கள் படத்திலேயே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.