மகனுக்கு 21 ஆகப்போகிறது, பராமரிப்புத் தொகையை நிறுத்திவிடலாமா?

விவாகரத்தான ஒரு தந்தை இங்கே கேட்டிருக்கிறார்: மகனுக்கு டிசம்பரில் 21 வயது, சிங்கப்பூரில் ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில் இருக்கிறான், அந்த மாதத்தோடு பணம் அனுப்புவதை நிறுத்தலாமா என்று. நான் பணம் வாங்கும் பக்கம் இருந்தவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நீதிமன்ற ஆணையை எடுத்து ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின்படி, பிள்ளைக்கான பராமரிப்பு ஆணை 21ஆவது பிறந்தநாளோடு தானாகவே முடிந்துவிடும். அதற்குப் பிறகும் தொடரும் என்று ஆணையிலேயே எழுதியிருந்தால் மட்டும்தான் அது நீளும். 'பட்டப்படிப்பு முடியும்வரை' என்று ஒரு வரி இருந்தால் நீங்கள் அதன்படிதான் கட்டியாக வேண்டும்.

எங்கள் ஆணையில் அந்த வரி இல்லை. கையெழுத்துப் போட்டபோது மகனுக்கு 8 வயது. அவன் பல் விழுந்ததும் பள்ளிப் பேருந்துக் கட்டணமும்தான் அன்றைக்கு என் கவலை. 21 வயதைப் பற்றி யார் நினைத்தார்கள்?

பதின்மூன்று வருடம் மாதம் 5ஆம் தேதி 600 வெள்ளி தவறாமல் வந்தது. என் முன்னாள் கணவருக்கு அந்த நன்றி எப்போதும் உண்டு. மகனுக்கு 21 ஆன பிறகு ஒரு மாதம் ஈசூனில் வங்கி இயந்திரத்தில் சேமிப்புப் புத்தகத்தைப் பதிந்து பார்க்கிறேன், 5ஆம் தேதிப் பணம் வந்த பதிவு இல்லை. அந்த வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து வந்த மகன், பூட்ஸைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். “அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாராம்மா?” என்று மட்டும் கேட்டான். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சட்டப்படி சொல்ல வேண்டியதும் இல்லை.

நம் பையன்கள் கணக்கைப் பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி முடிக்கவே 19, 20 ஆகிவிடுகிறது. அப்புறம் இரண்டு வருடம் தேசிய சேவை. பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும்போது 22. சட்டத்துக்கும் இது தெரியும். முழுநேரத் தேசிய சேவை, படிப்பு அல்லது தொழிற்பயிற்சி, உடல் அல்லது மனக் குறைபாடு, இவை தவிர வேறு சிறப்புச் சூழ்நிலை, இவற்றில் ஏதாவது இருந்தால் 21க்குப் பிறகும் பராமரிப்பு கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 21 ஆன பிள்ளை தானே மனுப் போடலாம்.

என் மகன் போட்டான். எளிதில் சம்மதிக்கவில்லை. “அப்பா மேலேயே கேஸா?” என்று இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் சமரசப் பேச்சிலேயே முடிந்தது. பிள்ளையின் சொந்த வருமானத்தையும் பார்ப்பார்கள் என்பதால் அவனுடைய தேசிய சேவைப் படியும் கணக்கில் வந்தது. பழைய தொகையைவிடக் குறைவுதான், ஆனால் படிப்பு முடியும்வரை.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், அவனுடைய அம்மா மறுமணம் செய்துகொண்டாரே என்று. அதனால் நிற்பது அவருக்கான ஜீவனாம்சம். பிள்ளையுடையது அதோடு நிற்காது. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதும் பணத்தை நிறுத்தக் காரணம் ஆகாது. அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும். வேலை போய்விட்டது, சம்பளம் குறைந்தது என்றால் ஆணையை மாற்றக் கேளுங்கள். மாற்றும்வரை பழைய தொகைதான். நீங்களாகக் குறைத்தால் அது நிலுவையாக ஏறும், சம்பளத்திலிருந்தே பிடிக்க உத்தரவு வரலாம், சிறை வரைக்கும்கூடப் போகலாம். 21 ஆனாலும் அதற்கு முந்தைய பாக்கி அப்படியே நிற்கும்.

ஆணையில் நீட்டிப்பு வரி இல்லையென்றால் டிசம்பர் பிறந்தநாளுக்குப் பிறகு நீங்கள் கட்டாததில் சட்டப்படி தவறில்லை. ஆனால் அதற்குமுன் மகனை ஒரு காப்பிக்கடைக்குக் கூப்பிட்டு, சேவை முடிந்ததும் என்ன படிக்கப்போகிறான், கட்டணம் எவ்வளவு, உங்களால் எவ்வளவு முடியும் என்று நேரில் பேசுங்கள். பேசி முடிவானதை இரு தரப்பும் சம்மதித்த ஆணையாக நீதிமன்றத்தில் பதிந்துகொள்ளலாம். அவன் உங்கள்மேல் மனுப் போடும் நிலை வராமலே போகும்.