ஆங்கில இலக்கிய அணிகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: 'லைக்', 'ஆஸ்' வந்தால் சிமிலி (உவமை), வராவிட்டால் மெட்டஃபர் (உருவகம்). இவ்வளவு தெரிந்தால் போதுமா?

பதில்: போதாது. 'ஷீ சிங்ஸ் லைக் ஹெர் சிஸ்டர்' என்பதில் லைக் இருக்கிறது, சிமிலி இல்லை. அக்காவும் தங்கையும் பாடுகிறவர்கள், அதனால் அது வெறும் ஒப்பீடு. 'லைக் எ நைட்டிங்கேல்' என்று மாற்றுங்கள், பாடுகிறவளுக்கும் பறவைக்கும் நடுவே உவமை பிறந்துவிடும். மெட்டஃபர் இன்னும் துணிச்சலானது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ, ஜூலியட்டைச் சூரியன் என்றே சொல்கிறான். அங்கே ஒரு 'போல' சேர்த்துப் படித்துப் பாருங்கள், அவனுடைய தவிப்பே குறைந்துவிடும்.

கேள்வி: மெட்டானமி, சினெக்டகி இரண்டும் எனக்கு எப்போதும் குழப்பம்.

பதில்: பலருக்கும் இதே குழப்பம்தான். இரண்டுமே ஒன்றின் பெயரால் இன்னொன்றைக் குறிப்பவை. சொன்ன பொருள், குறிக்கப்படும் பொருளின் ஒரு பகுதியா என்று கேளுங்கள். 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்றால் மாலுமிகள் எல்லாரும் மேல்தளத்துக்கு வர வேண்டும். கை மாலுமியின் உறுப்பு, ஆகவே சினெக்டகி. 'தி க்ரௌன்' என்று அரசாட்சியைச் சொல்வது மெட்டானமி. கிரீடம் அரசரோடு சேர்ந்தது, அவர் உடம்பில் ஒரு பகுதி அல்ல. நம் இலக்கணத்தில் ஆகுபெயர் படித்தவர்களுக்கு இது சுலபம். 'தலைக்கு ஒன்று கொடு' என்பது சினையாகுபெயர், 'ஊர் சிரித்தது' என்பது இடவாகுபெயர். முன்னது சினெக்டகி, பின்னது மெட்டானமி. சினெக்டகியை மெட்டானமியின் ஒரு வகையாகவே வைக்கும் அறிஞர்களும் உண்டு. அதனால் ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரிந்தால் பதற வேண்டாம்.

கேள்வி: ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அலிட்டரேஷன்தானே?

பதில்: எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'ஃபோன்', 'ஃபிஷ்' எழுத்தில் வேறு, ஒலியில் ஒன்று, அது அலிட்டரேஷன். 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் 'c' என்ற எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு, அதனால் அப்படி ஆகாது.

கேள்வி: ஆக்ஸிமோரானும் பாரடாக்ஸும் ஒன்றா?

பதில்: இல்லை. 'டெஃபனிங் சைலன்ஸ்' (காதைச் செவிடாக்கும் மௌனம்) போல முரண்பட்ட சொற்கள் ஒட்டி நிற்பது ஆக்ஸிமோரான். ஒரு கூற்று முழுவதும் முரணாகத் தோன்றி, யோசித்தால் உண்மை தெரிவது பாரடாக்ஸ்.

கேள்வி: சுற்றுலா போன அன்று மழை வந்தால் அது ஐரனியா?

பதில்: அது துரதிர்ஷ்டம், அவ்வளவுதான். தீயணைப்பு நிலையமே தீப்பிடித்து எரிந்தால் ஐரனி. நடந்தது எதிர்பார்ப்பைத் தலைகீழாக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது நாடக ஐரனி. ஜூலியட் மருந்தின் மயக்கத்தில் கிடக்கிறாள் என்று நமக்குத் தெரியும், ரோமியோவுக்குத் தெரியாது. அவன் விஷத்தைக் கையில் எடுக்கும்போது நாம் பதறுவது அதனால்தான்.

கேள்வி: அணியின் பெயரைச் சரியாக எழுதியும் தேர்வில் மதிப்பெண் குறைகிறதே?

பதில்: பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள். 'தி விண்ட் விஸ்பர்ட்' என்ற வரிக்குப் 'பர்சானிஃபிகேஷன்' (மனிதரல்லாததை மனிதராக்கிச் சொல்வது) என்று எழுதிய பிறகு, காற்று ஏன் கிசுகிசுத்தது, 'ஹௌல்ட்' என்று ஊளையிட்டிருந்தால் அந்தக் காட்சி எப்படி மாறியிருக்கும் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.